பச்சை முதலில் வைத்த முனை

செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் வந்தால் நீல கேட் போட்ட மாடி வீடு ஒன்று தெரியும். அது நான் கட்டியது. கீழ்க்கட்டளை மெயின் ரோட்டில் கேமரா, இன்டர்காம், நெட்வொர்க் வேலைக்கென்று ஒரு கடை இருக்கிறதே, அதுவும் பின்னால் இருக்கும் கோடவுனும் நான் கட்டியவை. கோவளம் ரோட்டில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் விடுதிகளில் பாதிக்கு மேல் சுவருக்குள் ஓடும் ஒயர் என் ஆட்கள் இழுத்தது. உப்புக் காற்றில் எல்லாம் துருப்பிடித்துப் போகிறது என்று பெரிய கம்பெனிக்காரன் கையை விரித்த இடத்தில், இன்றைக்கும் என் ஒயர் ஓடுகிறது. படிப்பு எட்டாவதோடு சரி. இங்கிலீஷில் என் பெயரை எழுதுவேன், அடுத்தவன் கொட்டேஷனில் எங்கே ஏமாற்றுகிறான் என்று கண்டுபிடிப்பேன். அதற்கு மேல் வராது. வந்தவரை போதுமானதாக இருந்தது.

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். வியாபாரிகள் சங்கத்தில் என்னைப் பெரியவர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், தலையும் நரைத்துவிட்டது. என் பெருமையை நான் இப்போது சொல்லாமல் எப்போது சொல்வது?

போன மாதம் உங்கள் நினைவு மலர் கைக்கு வந்தது. வேளச்சேரி ரோட்டில் மளிகைக் கடைக்கு மேலே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் அந்தக் காலத்தில் படித்தவர்கள் எல்லோரும் ஒன்றுகூடி, பழைய போட்டோ, பழைய கதை என்று அழகாகத்தான் போட்டிருக்கிறீர்கள். நான் அங்கே படித்தவன் இல்லை. விளம்பரம் கொடுத்தவன் என்பதால் ஒரு பிரதி வந்தது. பின்னட்டையில் என் கடை. நடுப்பக்கத்தில் என் அண்ணன், அதாவது என் பெரியம்மா மகன், பொன்னாடையோடு நிற்கிறார். நம் பகுதியில் முதன்முதலாக இரண்டு கம்ப்யூட்டர்களை ஒரே ஒயரால் நேராக இணைத்துக் காட்டியவர் என்று போட்டோவுக்குக் கீழே அச்சடித்திருக்கிறது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். அந்த மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியவர்கள். அந்தச் செருப்புகளை ஜோடி பார்த்து அடுக்கி வைத்த பையனை ஞாபகம் இருக்கிறதா? அவன்தான் இதை எழுதுகிறான்.

எங்கள் அப்பா மீன்காரர். விடியும் முன்னே கோவளம் போய் ஏலத்தில் கூடை எடுத்து, பஸ் கூரையில் ஏற்றி, தாம்பரம் மார்க்கெட்டில் இறக்கி விற்பார். பாய், சட்டை, தலையணை, தங்கச்சியின் சிலேட்டு என்று எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே வாசனை. நான் எட்டாவதில் பெயிலான பிறகு ஏரியா கேபிள் டிவிக்காரரிடம் சேர்ந்து, மொட்டைமாடி மொட்டைமாடியாக ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஏர்ஃபோர்ஸின் பயிற்சி விமானம் வட்டமடிக்கும். காலுக்குக் கீழே தளத்து ஓடு கொதிக்கும். பல்லால் ஒயர் சீவியே என் முன்பல்லில் ஒரு பள்ளம் விழுந்தது. இன்றைக்கும் நாக்கை வைத்தால் அந்தப் பள்ளம் தட்டுப்படும்.

பெரியம்மா மகன் எங்கள் வீட்டில் தங்கித்தான் பாலிடெக்னிக் படித்தார். வஞ்சிரம் வந்தால் நடுத்துண்டு அவருக்கு, வால் எனக்கு. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, ஏனென்றால் அண்ணன் என்றால் எனக்கு அப்படி ஒரு மயக்கம். சட்டையை இன் பண்ணி, பாக்கெட்டில் பேனா குத்தி, அவர் தெருவில் நடந்து போனால் நான் பின்னாலேயே போவேன். படித்து முடித்ததும் அந்த சென்டரிலேயே வாத்தியாராகச் சேர்ந்தார். சென்டரை நடத்திய சாரிடம் சொல்லி என்னையும் உள்ளே இழுத்துவிட்டவர் அவர்தான். கூட்ட, துடைக்க, டீ வாங்க, சாயங்காலம் கம்ப்யூட்டர்களுக்கு உறை போட.

அந்த ஏசி ரூமின் வாசனை இருக்கிறதே, கார்ப்பெட் புழுதியும் ரூம் ஸ்பிரேயும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்தது, அது இன்றைக்கும் எங்கேயாவது அடித்தால் நின்றுவிடுவேன். நான் உள்ளே போவதற்கு முன்னால் சார் என் கையை வாங்கி மோந்து பார்ப்பார். மீன் வாசனை இருந்தால் திரும்பப் போய்ச் சோப்புப் போட வேண்டும். கார்ப்பெட்டில் முட்டி போட்டுத் துடைக்கலாம், நாற்காலியில் உட்காரக் கூடாது. நீங்கள் எல்லோரும் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். அந்த வயதில் வேறு எதற்கும் நான் அவ்வளவு ஏங்கியதில்லை.

ரிசப்ஷனில் ஒரு அக்கா இருந்தார். மாடம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். டிபன் பாக்ஸின் மூடியில் எனக்குப் புளிசாதம் வைத்துத் தருவார். என் கையை மோந்து பார்க்காத ஒரே ஆள்.

சாரின் கேபினில் ஒரு கம்ப்யூட்டர், வகுப்பில் புதிதாக இன்னொன்று. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் எடுக்க வேண்டுமென்றால் ஃப்ளாப்பியில் போட்டு என் கையில் கொடுப்பார்கள், நான் தூக்கிக்கொண்டு நடப்பேன். ஒயர் வருவதற்கு முன்னால் அந்த இரண்டுக்கும் நடுவே ஓடிய ஒயர் நான்தான்.

விஜயதசமி அன்று பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் கரெஸ்பாண்டன்ட் சென்டரைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துப்போனால் அந்தப் பள்ளிக்கூடமே கம்ப்யூட்டர் பாடத்துக்கு நம் மாடிக்கு வரும். ஒரு கம்ப்யூட்டரில் தட்டினால் இன்னொன்றில் தெரிகிற மாதிரி காட்டி அவரை அசத்திவிட வேண்டும் என்று சார் முடிவு செய்தார். ரிச்சி ஸ்ட்ரீட் போய், கம்ப்யூட்டருக்குள் செருகும் கார்டு இரண்டு, அளவாக வெட்டிய ஒயர் ஒன்று வாங்கி வந்தார். நடுவில் வைக்கும் பெட்டி விலை அதிகம், இரண்டுக்கு அது தேவையில்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். வாங்கி வந்த ஒயர் கேபினிலிருந்து வகுப்புவரை எட்டவில்லை. மறுபடி போய் நீள ஒயர், முனையில் மாட்டும் பிளக், அதை அமுக்கும் கருவி எல்லாம் கொண்டு வந்தார். கார்டின் முதுகில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு லைட் இருக்கும், சரியாக இணைந்தால் அது பச்சையாக எரியும் என்றார். அதை எரிய வைப்பவனுக்கு ஒரு கோர்ஸ் ஃப்ரீ என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தார். பிறகு, துடைத்துக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பி, "டேய், உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

ஒயர் மாட்டும் வேலையை சார் அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் என்னிடம் தள்ளிவிட்டார். அவர் விரலுக்கு அந்த மெல்லிய ஒயர்கள் படியவில்லை, எனக்குப் படியும். வகுப்புப் பக்கத்து முனையை, கடையில் வாங்கிய குட்டை ஒயரைப் பார்த்து அதே நிற வரிசையில் செய்தேன். ஆரஞ்சு முதலில் வந்தது. கேபின் பக்கத்து முனைக்குப் போனபோது, பிளக் வந்த டப்பாவில் ஒட்டியிருந்த படம் கண்ணில் பட்டது. அதில் பச்சை முதலில் இருந்தது. ஓகோ, ஒரு முனை கொடுக்கிற முனை, இன்னொரு முனை வாங்குகிற முனை என்று புரிந்துகொண்டேன். கேபிள் டிவியில் எந்தப் பெட்டியை எடுத்தாலும் இன் தனி, அவுட் தனி. இதுவும் அப்படித்தான் இருக்கும். பச்சையை முதலில் வைத்து அமுக்கினேன்.

படித்தவர்கள் இதைத் தப்புக் கணக்கு என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அண்ணன் வந்து இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிடரியில் ஒன்று விட்டார். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்னு கூடத் தெரியாத முண்டம் என்று வகுப்புக்கே கேட்கிற மாதிரி சொன்னார். என் ஒயரைச் சுருட்டி மேஜைக்கு அடியில் வீசிவிட்டு, தானே புதிதாக ஒன்று செய்தார். இரண்டு பக்கமும் ஆரஞ்சு, அச்சு அசலாக ஒரே மாதிரி. மாட்டினார். லைட் எரியவில்லை. பிளக்கை மாற்றினார், எரியவில்லை. சார் ரிச்சி ஸ்ட்ரீட் போய்க் கார்டை மாற்றி வந்தார், எரியவில்லை. ஆயுத பூஜை நெருங்க நெருங்க சாரின் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆனது.

பூஜைக்கு முந்தைய மத்தியானம், சார் பொரியும் பூசணிக்காயும் வாங்கத் தாம்பரம் போயிருந்தார். அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். மேஜைக்கு அடியில் சுத்தம் செய்யக் குனிந்த எனக்கு என் ஒயர் சுருள் கிடைத்தது. அக்காவைப் பார்த்தேன். அக்கா என்ன என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். செருகிப் பார்க்கட்டுமா என்றேன். ஏற்கெனவே கெட்டுக் கிடப்பதை நீ என்ன புதிதாகக் கெடுக்கப் போகிறாய் என்று சிரித்துவிட்டு, தானே வந்து கம்ப்யூட்டர்களைப் போட்டுக் கொடுத்தார்.

வகுப்புப் பக்கம் செருகினேன். கேபினுக்குப் போய் அங்கே செருகினேன். கார்டின் முதுகில் பச்சை.

வகுப்புக்கு ஓடினேன். அங்கேயும் பச்சை. "அக்கா, வந்துட்ச்சு அக்கா" என்று மட்டும் சொன்னேன். அக்கா மண்டி போட்டு அந்த லைட்டைப் பார்த்தார். கார்ப்பெட்டில் அப்படியே உட்கார்ந்தேன். அண்ணன் வருவதற்குள் இரண்டு முனைகளையும் மறுபடி கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒட்ட வைத்துப் பார்த்துவிட்டேன். ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறியிருந்தன. நீலமும் பழுப்பும் நகரவில்லை. நடுவில் பெட்டி இல்லாதபோது, ஒன்று கொடுப்பது இன்னொன்று வாங்குகிற இடத்துக்குப் போக மாற வேண்டியது எது என்று என் கண்ணுக்கு விளங்கிவிட்டது. இனி எத்தனை ஒயர் கேட்டாலும் செய்வேன். இதை நன்றாகக் கவனியுங்கள். அதிர்ஷ்டம் என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

அண்ணன் வந்தார், நான் மறுபடி செருகி வைத்திருந்த ஒயரில் பச்சை எரிவதைப் பார்த்தார், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏதோ புரோகிராம் ஓட்டினார். கேபினில் அக்காவை உட்கார வைத்து, வகுப்பிலிருந்து என்னவோ தட்டினார். கேபின் ஸ்கிரீனில் எழுத்து வந்தது. என் ஒயர் வழியாகப் போன முதல் பேச்சு அது. எனக்கு இங்கிலீஷ் எழுத்து சேர்த்துப் படிக்க வராது. நான் எட்டிப் பார்த்தபோது அக்கா ஸ்கிரீனை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு சிரித்தார். ஏதோ ஜோக் என்று நினைத்தேன்.

சாரிடம் தானே சொல்வதாக அண்ணன் சொன்னார். "நீ சொன்னா நம்பமாட்டாருடா. நான் உன் பேரைச் சொல்லிச் சொல்றேன். நாற்காலி உனக்குத்தான்."

ராத்திரி வீட்டில் அவருக்கு நடுத்துண்டை நானே எடுத்து வைத்தேன்.

ஆயுத பூஜைக்கு நம் வீட்டு ஆட்களையும் கூப்பிட்டிருந்தார்களே, அப்பாவும் வந்திருந்தார். காலையில் மார்க்கெட்டில் தராசுக்குப் பொட்டு வைத்துவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஏசி குளிரில் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், செவ்வந்தி. சாமி படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் என் ஒயர். அதன் பிளக்குகளுக்கும் சந்தனத்தைக் குழைத்து அப்பியிருந்தார்கள். சார் பேசினார். ரிச்சி ஸ்ட்ரீட்காரனுக்கே தெரியாததை நம் வாத்தியார் சாதித்துவிட்டார் என்று அண்ணனுக்குப் பொன்னாடை போட்டார். போட்டோ எடுத்தார்கள்.

நான் காத்திருந்தேன். அண்ணன் இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று. அவர் தட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"சார், அது நான் பண்ணது" என்றேன்.

பொரி மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. சார் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவர் செல்லமாகச் சிரித்தார். "ஒயர் சுத்திக் குடுத்தான் சார். அதையும் தப்பாத்தான் சுத்தினான், வகுப்பே பாத்துது." வகுப்பு பார்த்தது உண்மைதான். அக்காவுக்குத் தெரியும் சார் என்றேன். சார் அக்காவிடம் கேட்டார். அக்கா பூக்கூடையைப் பார்த்துக்கொண்டு, நான் அப்போது கீழே இருந்தேன் சார், எனக்குத் தெரியாது என்றார்.

அப்பா வந்து என் சட்டைக் காலரைப் பிடித்துப் படியில் இறக்கினார். "படிச்ச புள்ள பொய் சொல்லுமாடா? சோறு போட்டு வளத்த வூட்டுக்கு நல்ல பேர் வாங்கிக் குடுக்குது, நீ இன்னாடான்னா நடுவுல பூந்து அசிங்கம் பண்ணிகினு கீற." அடுத்த வாரமே கீழ்க்கட்டளை மாமாவின் லேத்துப் பட்டறைக்குப் போக வேண்டும் என்று தெருவிலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

மறுநாள் விஜயதசமி. காலையில் அண்ணன் சென்டரிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார். ஒயரில் அப்பிய சந்தனம் ராத்திரியில் காய்ந்து பிளக்குக்குள் இறுகியிருந்தது. ஒரு பிளக் கார்டுக்குள் நுழையவில்லை என்று அதை வெட்டிவிட்டு, மற்ற முனையைப் பார்த்து ஒழுங்காக அதே மாதிரி மாட்டியிருக்கிறார். லைட் போய்விட்டது. கரெஸ்பாண்டன்ட் வந்துகொண்டிருக்கிறார்.

"டேய், என் மானத்தக் காப்பாத்துடா. அவர் போனதும் சார்கிட்ட உண்மையச் சொல்லிடறேன். அம்மா மேல சத்தியம்."

போனேன். ஏன் போனாய் என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். நாற்காலிக்காகப் போனேன். அதோடு, என் ஒயர் அங்கே செத்துக் கிடக்கிறது என்பதைப் பொறுக்க முடியவில்லை. பல்லால் சீவி, பச்சையை முதலில் வைத்து அமுக்கினேன். எரிந்தது. கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அண்ணன் என் தோளைப் பிடித்து மொட்டைமாடிப் படியில் தள்ளி, சத்தம் போடாமல் இரு என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒயர்த் துண்டுகள், காய்ந்த சந்தனத்தின் வாசனை. கீழே கைதட்டினார்கள். வெகுநேரம் தட்டினார்கள். அண்ணன் கூப்பிடுவார் என்று இருந்தேன். வெயில் தொட்டியைத் தாண்டி என் காலுக்கு வந்தபோது, கதவைத் திறந்தது சார். "நீ இங்க என்னடா பண்றே? கை கழுவினியா?" என்றார். அப்போதே தெரிந்துவிட்டது.

பட்டறையில் இரும்பு சீவினேன். அண்ணனுக்கு அந்த ஒயர் பெரிய கம்பெனி, பிறகு வெளிநாடு என்று வழி திறந்துவிட்டது. பட்டறையிலிருந்து நான் எப்படி மேலே வந்தேன் என்பது வேறு கதை. என் கடை வாசலில் நின்று பார்த்தால் தெரியும்.

ஆனால் அப்பாவுக்குத் தெரியவில்லை. கடைசிக் காலத்தில் அவரைக் காரில் கோவளம் கூட்டிப்போய், அவர் கூடை தூக்கிய கரைக்குப் பக்கத்திலேயே நான் வேலை செய்த விடுதியைக் காட்டினேன். திரையில் எல்லா கேமராவும் ஓடுவதைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். என் கையைத் தட்டிக்கொடுத்தார். "எல்லாம் உங்க அண்ணன் அன்னிக்கி கத்துக்குடுத்த வித்த. அந்த நன்றிய மறந்துடாத" என்றார். அந்த நினைப்போடே போய்விட்டார்.

மலர் வந்த வாரம் ரிசப்ஷன் அக்கா என் கடை தேடி வந்தார். கண்ணாடி, நரை, கையில் அதே மலர், நடுப்பக்கம் மடித்திருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காராமலே பேசினார்.

"அன்னிக்கு நான் வாயத் திறந்திருக்கணும் தம்பி."

"ஏங்க்கா திறக்கல?"

"உங்க அண்ணன் என்னைக் கட்டிக்கறேன்னு சொல்லியிருந்தாரு. விஜயதசமி முடிஞ்சதும் வீட்டுல பேசறேன்னு. நீ செஞ்ச ஒயர்லதான் அதை அனுப்பினாரு."

அந்த உள்ளங்கை, அந்தச் சிரிப்பு. எனக்கு இத்தனை வருடம் கழித்துத்தான் அந்த ஸ்கிரீனில் என்ன இருந்தது என்று தெரிந்தது. அண்ணன் கடைசியில் வேறு யாரைக் கட்டிக்கொண்டார் என்பது உங்களுக்கே தெரியும்; கல்யாணப் போட்டோவையும் அதே மலரில் போட்டிருக்கிறீர்கள்.

"ஒயர் நல்லாத்தான் வேலை செஞ்சுது தம்பி" என்று அக்கா சிரித்தார். "அனுப்பின ஆளுதான் சரியில்ல." போகும்போது, சாட்சி வேண்டுமென்றால் நான் சொன்னேன் என்றே எழுது என்றார். எழுதிவிட்டேன்.

இனி நான் கேட்பது. இந்தக் கட்டுரையை ஏதோ ஒரு பெரியவரின் மலரும் நினைவு என்று பின்பக்கத்தில் போட்டு முடித்துவிடாதீர்கள். நடுப்பக்கப் போட்டோவை மறுபடி எடுத்துப் பாருங்கள். அண்ணன் தட்டைப் பிடித்திருக்கிறார். தட்டுக்கு இடது பக்கம், போட்டோவின் ஓரத்தில், ஒரு பையனின் முழங்கை மட்டும் வெட்டுப்பட்டுத் தெரிகிறது. அதில், கேபிள் டிவி வேலையில் சால்டரிங் கோல் சுட்ட வடு நீளமாக இருக்கும். அந்த வடு என் கையில் இன்னும் இருக்கிறது, கடைக்கு வந்தால் யாருக்கும் காட்டுவேன். அடுத்த மலரில் அதே போட்டோவை, அதே நடுப்பக்கத்தில், அதே அளவில் போடுங்கள். அந்த முழங்கைக்கு நேராக என் பெயரைப் போட்டு, ஒயர் செய்தவர் என்று எழுதுங்கள். அண்ணன் பெயரை எடுக்க வேண்டாம், தட்டைப் பிடித்திருப்பவர் என்று போடுங்கள். அது உண்மைதானே.